ஆண்டவருக்கு எல்லாம் தெரியும்னா நாம ஏன் ஜெபிக்கணும்? கோத்தகிரி தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, ஸ்தோத்திரம். நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். மத்தவங்களும் படிப்பாங்க, அதனால கேள்வி என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். உங்க வீடு கோத்தகிரி பக்கம், அப்பாவுக்கு கொஞ்சம் தேயிலை இருக்கு, நீங்க கோயமுத்தூர்ல வேலை பாக்கறீங்க. அம்மாவுக்கு கிட்னி ரெண்டும் பழுதாகி டயாலிசிஸ் நடக்குது. சபையில உபவாச ஜெபம் போட்டாங்க, முழு இரவு ஜெபம் வச்சாங்க, சுகம் வரல. வீட்டுக்கு வந்த ஒரு ஊழியர் "இந்த வீட்ல விசுவாசக் குறைவு இருக்கு"ன்னு சொல்லிட்டு போயிட்டாரு. அதுல இருந்து முழங்கால் போட்டா உங்களுக்கு வார்த்தையே வரல, இல்லன்னா தூக்கம் வந்துடுது. இப்ப நீங்க கேக்கறது, ஆண்டவருக்கு எல்லாம் முன்னாடியே தெரியும்னா நான் எதுக்கு சொல்லணும், வார்த்தை வராதவன் எப்படி ஜெபிக்கறது, ஜெபிக்காம இருக்கறது பாவமா.

நான் குருவானவர் இல்ல. வேதாகமக் கல்லூரியில படிச்சிட்டு ரொம்ப காலமா சபையில வேதபாடம் எடுக்கறேன், அவ்வளவுதான். தெரிஞ்சதை சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

முதல்ல அந்த ஊழியர் சொன்னதை எடுத்துக்கறேன், ஏன்னா அந்த முள்ளு உள்ள இருக்கற வரைக்கும் நான் வேற எது சொன்னாலும் உங்க காதுல ஏறாது. வியாதி தீரலன்னா விசுவாசம் இல்லன்னு அர்த்தம்னு வேதத்துல எங்கயும் இல்ல. ஆதி சபைகளுக்கு கடிதம் எழுதின அப்போஸ்தலர் பவுலை பாருங்க, அவர் மேல பட்ட துணியை கொண்டுபோய் போட்டே வியாதிக்காரங்க சுகமானாங்கன்னு அப்போஸ்தலர் 19ல இருக்கு, அதே பவுல் தன் கூட ஊழியம் பண்ணின துரோப்பீமுவை மிலேத்துவில வியாதியா விட்டுட்டு வந்தேன்னு எழுதறாரு. தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடம்பு முடியாம போகுது, அவனுக்கு பவுல் கைவச்சு ஜெபிக்கறேன்னு எழுதல, வயித்துக்காக கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கோன்னு எழுதறாரு. தன் மாம்சத்துல இருந்த முள்ளுக்காக மூணு தரம் வேண்டிக்கிட்டாரு, முள்ளு போகல, "என் கிருபை உனக்குப்போதும்"ங்கற பதில்தான் வந்துச்சு. பவுலுக்கு விசுவாசம் பத்தலைன்னு அந்த ஊழியர் சொல்லுவாரா? நோயாளி படுத்திருக்கற வீட்டுக்கு போய் இப்படி ஒரு வார்த்தையை போட்டுட்டு வர்றது ஊழியமே இல்ல. யோபுவோட சிநேகிதங்க மூணு பேரும் இதைத்தான் பண்ணினாங்க, கடைசியில தேவன் கோபப்பட்டது அவங்க மேலதான், புலம்பித் தீர்த்த யோபு மேல இல்ல. அதனால அந்த வார்த்தையை தூக்கி எறிஞ்சிடுங்க தம்பி, அம்மா காதுலயும் அது திரும்ப விழாம பாத்துக்கங்க.

இன்னொன்னு, விசுவாசத்தை காட்டறேன்னு யாராவது மாத்திரையை நிறுத்தச் சொன்னா, டயாலிசிஸ் தேதியை தள்ளிப்போடச் சொன்னா கேக்கவே கேக்காதீங்க. எசேக்கியா ராஜா மரணத்துக்கு ஏதுவா வியாதிப்பட்டு சுவர் பக்கம் திரும்பி அழுது ஜெபிச்சாரு, ஜெபம் கேட்கப்பட்டுச்சு, ஆயுசுல பதினஞ்சு வருஷம் கூட்டித் தரேன்னு ஆண்டவரே சொல்லிட்டாரு, அப்பவும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையை எடுத்து புண்ணு மேல பத்து போடச் சொன்னாரு. ஜெபம் கேட்கப்பட்ட இடத்துலயே மருந்தும் இருக்கு.

இப்ப உங்க முதல் கேள்வி. எல்லாம் தெரிஞ்சவர்கிட்ட எதுக்கு சொல்லணும்? இந்தக் கேள்விக்கான இடம் மத்தேயு 6லயே இருக்கு. "உங்கள் பிதாவை நோக்கி நீங்கள் வேண்டிக்கொள்ளுகிறதற்கு முன்னமே உங்களுக்கு இன்னது தேவை என்று அவர் அறிந்திருக்கிறார்"னு இயேசு சொல்றாரு. இதை மட்டும் எடுத்துக்கிட்டா, சரி அப்ப ஜெபமே வேண்டாம்னு முடிவு பண்ணிடலாம். ஆனா அதுக்கு அடுத்த வசனம் என்ன? ஆகையால் இப்படி ஜெபம்பண்ணுங்கன்னு சொல்லி பரமண்டல ஜெபத்தையே குடுக்கறாரு. அவருக்கு தெரியும்ங்கறதை ஜெபத்தை விடறதுக்கு காரணமா நாம நினைக்கறோம், இயேசு அதையே ஜெபிக்கறதுக்கு காரணமா வைக்கறாரு. தெரியாதவர்கிட்ட போய் நம்ம நிலைமையை முழுசா விளக்கி, ஆதாரம் காட்டி, நம்ப வச்சு, இரக்கம் வர வைக்கணும், அது பெரும் பாடு, ஏதோ ஒரு ஆபீஸ்ல மனுவை கையில வச்சுக்கிட்டு நிக்கற மாதிரி. தெரிஞ்சவர்கிட்ட அந்தப் பாடு இல்ல. பாதி வாக்கியம் போதும், அழுகை போதும்.

கிட்டத்தட்ட 412ல வட ஆப்பிரிக்காவுல பேராயரா இருந்த அகுஸ்தீன் ஒரு கடிதம் எழுதினாரு. 410ல ரோமாபுரி கொள்ளை போனப்ப அங்கிருந்து தப்பிச்சு ஆப்பிரிக்காவுக்கு வந்த புரோபாங்கற விதவை, எப்படி ஜெபிக்கறதுன்னு கேட்டு எழுதினாங்க, அதுக்கு பதில்தான் அது. பெரிய பணக்கார வீட்டு அம்மா, ஆனா ஊரையும் இழந்து புருஷனையும் இழந்து வந்து நிக்கறாங்க. அவங்ககிட்ட அவர் சொல்றது சுருக்கமா இதுதான்: தேவனுக்கு தகவல் சொல்றதுக்காக நாம கேக்கல, அவர் குடுக்க வச்சிருக்கறது ரொம்பப் பெருசு, அதை வாங்கிக்கற அளவுக்கு நம்ம உள்ளம் விரியல, கேக்க கேக்க நம்ம ஆசை விரியுது, வாங்கற பெலன் வருது. பதினாறு நூற்றாண்டு தாண்டியும் இந்தக் கேள்விக்கு இதை விட நல்ல பதிலை நான் படிச்சதில்ல.

ஆனா உங்க நிலைமைக்கு இது மட்டும் போதாதுன்னு எனக்கு தெரியுது. விரியறதுக்கு உள்ள ஏதாவது மிச்சம் இருக்கணும்ல, உங்ககிட்ட இப்ப ஒன்னும் இல்ல. அதனால முக்கியமா சொல்ல நினைக்கறதை இங்க சொல்றேன், மத்தது எது மறந்தாலும் இதை வச்சுக்கங்க. ஜெபத்தை நாம தொடங்கறதில்ல தம்பி. அது ஏற்கனவே நடந்துட்டு இருக்கு, நாம போய் சேர்ந்துக்கறோம்.

இது ஏதோ ஆறுதலுக்கு சொல்ற பேச்சு இல்ல, உபதேசமே இதுதான். எபிரெயர் 7ல கிறிஸ்து நமக்காக வேண்டுதல் செய்யும்படி எப்பொழுதும் உயிரோடிருக்கிறார்னு போட்டிருக்கு. ரோமர் 8ல, நாம எதை எப்படி கேக்கணும்னு தெரியாம இருக்கறதால ஆவியானவரே "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுதல் செய்யறாருன்னு இருக்கு. கவனிங்க, வார்த்தை வராத நிலைமையை பவுல் ஒரு கோளாறா சொல்லவே இல்ல, அது எல்லா விசுவாசிக்கும் பொதுவான நிலைமைன்னு, "நாம"ன்னு தன்னையும் சேர்த்துதான் சொல்றாரு. நீங்க பேசாம முழங்கால்ல இருக்கற நேரத்துலயும் உங்களுக்காக பேச ஒருத்தர் இருக்காரு. உங்க ஜெபம் நின்னு போச்சுன்னு நீங்க நினைக்கறீங்க, நின்னது உங்க சத்தம் மட்டும்தான்.

நம்ம பக்கத்துல ஒரு பழக்கம் ஊறிப்போச்சு, ஜெபம்னா மனசுல இருந்து பொங்கி வரணும், சொந்த வார்த்தையா இருக்கணும், கண்ணுல தண்ணி வரணும், சத்தம் ஏறணும், அப்பதான் ஆவிக்குள்ளான ஜெபம், எழுதி வச்சதை வாசிச்சா அது செத்த ஜெபம். இதை நான் ஒத்துக்கமாட்டேன். சிலுவையில இயேசு சொன்னது எங்கிருந்து வந்த வார்த்தை? "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" அப்படியே வேதத்துல இருக்கற பழைய ஜெபப் பாட்டுகளான சங்கீதங்கள்ல 22ஆம் சங்கீதத்தோட முதல் வரி. உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்னு சொன்னது 31ஆம் சங்கீதம். மீன் வயித்துல இருந்து யோனா ஜெபிச்சதை எடுத்துப் பாருங்க, வரிக்கு வரி சங்கீதத்தோட வாடை அடிக்கும். உயிர் போற நேரத்துல தேவகுமாரனே தன் ஜனங்க நூத்துக்கணக்கான வருஷமா பாடிட்டு இருந்த வார்த்தையைத்தான் எடுத்தாரு, நாம மட்டும் ஒவ்வொரு தடவையும் புதுசா ஜோடிச்சு பேசணும்னு யாரு சொன்னது?

அதனால வார்த்தை வரலன்னா கடன் வாங்குங்க. அதுக்குத்தான் 150 சங்கீதம் இருக்கு. அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல புலம்பல், நம்ம சபையில ஸ்தோத்திர சங்கீதமா பாத்து பாத்து வாசிக்கறதால நிறைய பேருக்கு இது தெரியறதே இல்ல. 13ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்"னு நேரா முகத்துக்கு நேரா கேட்டு ஆரம்பிக்குது. 88ஆம் சங்கீதம் இருட்டுல ஆரம்பிச்சு இருட்டுலயே முடியுது, மத்த புலம்பல்ல கடைசியில ஒரு நம்பிக்கை வரி வரும், இதுல அதுவும் இல்ல. ஆனாலும் அந்த மனுஷன் முதல் வரியில "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே"ன்னு கூப்பிட்டுட்டுதான் புலம்பவே ஆரம்பிக்கறான், இரவும் பகலும் கூப்பிடறேன்னு சொல்றான். பதில் வராத இடத்துலயும் கூப்பிடறதை விடல. இப்படி ஒரு ஜெபத்தை வேதத்துல இருந்து யாரும் எடுத்துப் போடலையே, பதில் வரலன்னு சொல்லி வெட்டி விடலையே, அதுவே எனக்கு எத்தனையோ நாள் பெலனா இருந்திருக்கு. கோபத்தை ஆண்டவர்கிட்ட சொன்னா அது அவிசுவாசம் ஆகாது. அவரை விட்டுட்டு போய் வேற இடத்துல அவரைப் பத்தி சொல்லிட்டு இருக்கறதுதான் ஆபத்து.

இப்படி கடன் வாங்கின வார்த்தையை நம்ம மலையிலயே எத்தனையோ பேர் சொல்லியிருக்காங்க. ஊட்டியில புனித ஸ்தேவான் ஆலயத்துக்குள்ள போயிருப்பீங்க. 1829ல அஸ்திவாரக் கல்லு போட்டு 1830 நவம்பர்ல கல்கத்தா பேராயர் டர்னர் பிரதிஷ்டை பண்ணினது, மேல இருக்கற பெரிய உத்தரமெல்லாம் சீரங்கப்பட்டணத்துல திப்பு சுல்தானோட அரண்மனையில இருந்து கொண்டுவந்த மரம். 1846ல பாசல் மிஷன் கேத்தியில படுகர்கள் மத்தியில வேலை ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவங்க, 1964 சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையில இருந்து திரும்பி வந்து கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் தோட்டங்கள்ல குடியேறினவங்க, ஒவ்வொருத்தரும் வேற வேற ராகத்தோட, வேற வேற துக்கத்தோட வந்து இந்த மலையில முழங்கால் போட்டிருக்காங்க. எல்லாரும் சொன்ன பரமண்டல ஜெபம் ஒன்னுதான். முதல் நூற்றாண்டு முடியற காலத்தை ஒட்டி எழுதின திதாகேங்கற பழைய சபைக் கையேட்டுல, இந்த ஜெபத்தை ஒரு நாளைக்கு மூணு தரம் சொல்லணும்னு இருக்கு. நீங்க இன்னைக்கு ராத்திரி பாதித் தூக்கத்துல அதை முணுமுணுத்தாலும் அந்தக் கூட்டத்தோட சேர்ந்துதான் சொல்றீங்க. அந்த ஜெபத்துல "எனக்கு" ஒரு இடத்துலயும் இல்ல, எங்கள் பிதாவே, எங்களுக்கு தாரும், எங்களுக்கு மன்னியும். தனியா கதவை சாத்திக்கிட்டு சொன்னாலும் அது கூட்டத்தோட ஜெபம்தான்.

இங்க ஒரு பாட்டியைப் பத்தி சொல்லணும். எங்க பக்கத்து எஸ்டேட்ல வெள்ளிக்கிழமை சாயந்தரம் லைன் வீட்ல, அதாவது தொழிலாளிங்க வரிசையா குடியிருக்கற வீட்ல, பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும், நான் வேதபாடத்துக்கு போவேன். பச்சை இலை எடைபோட்டு முடிச்சிட்டு நேரா வருவாங்க, இடுப்புல கட்டின பிளாஸ்டிக் ஷீட்டை அவுத்து வாசல்ல போட்டுட்டு உள்ள வந்து உக்காருவாங்க, விரல்ல தேயிலைக் கறை கறுப்பா ஏறி இருக்கும், அது சோப்பு போட்டாலும் போகாது. அதுல ஒரு பாட்டிக்கு எழுதப் படிக்க தெரியாது. அவங்க ஜெபிக்கற முறையை கேளுங்க. லைனோட முதல் வீட்ல ஆரம்பிச்சு வரிசையா போவாங்க. முதல் வீட்டுக்காரன் குடிக்காம இருக்கணும் ஆண்டவரே, ரெண்டாவது வீட்டுப் பிள்ளை பத்தாவது பரீட்சை எழுதுது, மூணாவது வீடு பூட்டிக் கிடக்கு, திருப்பூருக்கு போனவங்களை காத்துக்கோங்க. கிறிஸ்தவ வீடு, மாரியம்மன் கும்பிடற வீடுன்னு பிரிக்கமாட்டாங்க, வரிசையில எது வருதோ அதுதான். கடைசி வீடு முடிஞ்சதும் காட்டுக்குப் போவாங்க, யானைக்கு மேல காட்டுலயே தண்ணி கிடைக்கணும், அது இந்தப் பக்கம் இறங்கக்கூடாது, அதையும் யாரும் வெடி போட்டு காயப்படுத்தக்கூடாதுன்னு முடிப்பாங்க. இதுல பெரிய சத்தம் இல்ல, அழுகை இல்ல. தன் முழங்கால் வலியை அவங்க ஒரு தடவை கூட சொல்லி நான் கேட்டதில்ல, அதை பக்கத்துல இருக்கற பொண்ணு அவங்களுக்காக சொல்லும்.

எப்பாப்பிரான்னு ஒரு மனுஷனைப் பத்தி கொலோசெயர் 4ல பவுல் எழுதறாரு, அவன் உங்களுக்காக ஜெபத்துல போராடறான்னு. அந்தப் பாட்டி பண்றது அதுதான். உங்க அம்மாவுக்காக உங்களால இப்ப ஜெபிக்க முடியலன்னா, ஜெபிக்கறவங்க இருக்காங்க, அவங்க மேல சாஞ்சுக்கங்க. திமிர்வாதக்காரனை நாலு பேரு கூரையைப் பிரிச்சு இறக்கினப்ப, "அவர்கள் விசுவாசத்தை" கண்டார்னுதான் மாற்கு 2ல எழுதியிருக்கு. தூக்கிட்டு வந்தவங்க விசுவாசம். படுத்திருந்தவன் வாயைத் திறந்ததாவே இல்ல.

சொன்னதையே சொல்றது வீண்வார்த்தைன்னு நம்ம சபைக்காரங்க சிலர் கத்தோலிக்கங்க ஜெபமாலை சொல்றதை குறை பேசுவாங்க. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கறதில்ல. ஊட்டி காந்தல்ல இருக்கற கத்தோலிக்க குருசடியில வெள்ளிக்கிழமை போய் மெழுகுவர்த்தி ஏத்திட்டு நிக்கறவங்க முகத்தைப் பாத்தவங்க அப்படி பேசமாட்டாங்க. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்துல இயேசு மூணாம் தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபம்பண்ணினார்னு மத்தேயு 26ல இருக்கு. 136ஆம் சங்கீதத்துல "அவர் கிருபை என்றுமுள்ளது"ங்கறது 26 வசனத்துலயும் வருது. இயேசு வேண்டாம்னு சொன்னது வார்த்தையை அடுக்கினா தேவனை மடக்கிடலாம்ங்கற எண்ணத்தை. அந்த எண்ணம் சொந்த வார்த்தையில ஒரு மணி நேரம் ஜெபிக்கறவனுக்கும் வரலாம்.

அடுத்து, அப்பாவோட பச்சைத் தேயிலை விலை பத்தி ஒரு வரி எழுதியிருந்தீங்க, எத்தனை வருஷம் ஜெபிச்சும் கிலோவுக்கு கட்டுப்படியான விலை வரலன்னு. ஜெபிங்க, அன்றாட அப்பத்தை கேக்கச் சொன்னவர் இலை விலையை கேட்டா கோவிச்சுக்கமாட்டாரு. ஆனா நெகேமியாவைப் பாருங்க. எருசலேம் மதிலை கட்டறப்ப எதிரிங்க வர்றாங்கன்னு தெரிஞ்சதும், தேவனை நோக்கி ஜெபம்பண்ணி, இரவும் பகலும் காவல் வச்சோம்னு ஒரே வாக்கியத்துல எழுதறாரு. அப்பா ஜெபமும் பண்ணட்டும், சிறு விவசாயிகள் சங்கக் கூட்டத்துக்கும் போகட்டும், கலெக்டர்கிட்ட மனுவும் குடுக்கட்டும். இதுல ஒன்னு ஆவிக்குரியது இன்னொன்னு உலகத்துக்குரியதுன்னு பிரிக்க வேண்டாம்.

2009 நவம்பர்ல நம்ம மாவட்டத்துல மண்சரிவு வந்தப்ப நாப்பது பேருக்கு மேல செத்தாங்க, கேத்தியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் மழை. அன்னைக்கு ஜெபிச்ச வீடும் போச்சு, ஜெபிக்காத வீடும் போச்சு. அதுக்கு ஆண்டவர் ஏன் விட்டாருன்னு என்கிட்ட கேட்டவங்களுக்கு நான் விளக்கம் எதுவும் சொல்லல, லூக்கா 13ல சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டு பேர் செத்ததைப் பத்தி இயேசு சொன்னதை மட்டும் காட்டினேன், செத்தவங்க மத்தவங்களை விட பாவிங்கன்னு நினைக்காதீங்கன்னு அவர் தெளிவா சொல்லியிருக்காரு. அதுக்கு மேல விளக்கறவங்ககிட்ட ஜாக்கிரதையா இருங்க. ஆனா இதையும் சொல்லணும், சரிவை வெட்டி ஓடையை அடைச்சு வீடு கட்டிட்டு மழை நிக்கணும்னு முழு இரவு ஜெபம் வைக்கறது சரியில்ல. ஜெபிக்கறவன் கண்ணு திறக்கணும், தன் ஊர்ல என்ன நடக்குதுன்னு தெரியணும். கையில ரத்தம் இருக்கறப்ப நீங்க எவ்வளவு ஜெபிச்சாலும் கேக்கமாட்டேன்னு ஏசாயா 1ல ஆண்டவரே சொல்றாரு. காணிக்கையை பலிபீடத்துக்கு முன்னாடி வச்சுட்டு முதல்ல சகோதரனோட ஒப்புரவாகுன்னு இயேசு சொல்றாரு. எல்லைக் கல்லு தகராறுல அண்ணன் தம்பி பத்து வருஷமா பேசாம, ரெண்டு பேரும் ஒரே ஆராதனையில ரெண்டு மூலையில உக்காந்து ஜெபிக்கறதை நம்ம ஊர்ல எத்தனை பாத்திருக்கோம்.

தூக்கம் வர்றதுக்கு வருத்தப்படறீங்க. வாரம் முழுக்க கோயமுத்தூர்ல வேலை, லீவு நாள்ல அம்மாவை கூட்டிட்டு மேட்டுப்பாளையம் இறங்கி ஏறறீங்க, தூக்கம் வராம என்ன செய்யும். கெத்செமனேயில சீஷங்க தூங்கினப்ப அவங்க துக்கத்தினால தூங்கினாங்கன்னு லூக்கா எழுதறாரு, அதை நான் எப்பவும் இரக்கத்தோட எழுதின வரியாத்தான் படிக்கறேன். முழங்கால்ல தூக்கம் வந்தா எழுந்து நில்லுங்க, இல்ல நடங்க. தாவீது உக்காந்து ஜெபிச்சிருக்காரு, சாலொமோன் முழங்கால்ல, எலியா தரையில குனிஞ்சு முழங்காலுக்கு நடுவுல முகத்தை வச்சு, அன்னாள் உதட்டை மட்டும் அசைச்சு, ஆசாரியன் ஏலி அதைப் பாத்து அவ குடிச்சிருக்கான்னே நினைச்சாரு. டிசம்பர் ஜனவரி உறைபனியில காலைல அஞ்சு மணிக்கு சிமெண்டு தரையில முழங்கால் போட்டாதான் கேப்பாருன்னு இல்ல. படுக்கையின்மேல் உம்மை நினைக்கிறேன்னு 63ஆம் சங்கீதத்துல இருக்கு, கம்பளிக்குள்ள இருந்து நினைங்க.

நேரம் மட்டும் ஒன்னு வச்சுக்கங்க, சின்னதா. தானியேல் தினமும் மூணு வேளை. உணர்ச்சி வந்தா ஜெபிக்கறேன்னு இருந்தா வராது. அவிலா தெரேசா, 1582ல இறந்த ஸ்பெயின் நாட்டு கன்னியாஸ்திரி, ஜெபத்தைப் பத்தி எழுதினவங்கள்ல முன் வரிசையில இருக்கறவங்க, அவங்களே பல வருஷம் ஜெப நேரம் எப்ப முடியும், மணி எப்ப அடிக்கும்னு காதை அங்கயே வச்சுக்கிட்டு இருந்தேன்னு எழுதியிருக்காங்க. ஆனாலும் உக்காந்தாங்க, அதுதான் விஷயம். பாரிஸ்ல கார்மேல் மடத்து சமையல்கட்டுல வேலை பாத்த சகோதரர் லாரன்ஸ், பாத்திரச் சத்தத்துக்கு நடுவுலயும் தேவ சமுகத்துல இருக்கறதுக்கு பழகிக்கிட்டாரு. மேட்டுப்பாளையம் பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து கொண்டை ஊசி வளைவுல இறங்கறப்ப "ஆண்டவரே இரக்கமா இரும்"னு மட்டும் சொல்லிக்கிட்டே போறவங்களை எனக்கு தெரியும். "இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்"ங்கறதுக்கு அது ஒரு நல்ல ஆரம்பம்.

ஜெபிக்காம இருக்கறது பாவமான்னு கேட்டீங்க. உங்க நிலைமையில, வார்த்தை வராம தவிக்கறதை நான் பாவம்னு சொல்லமாட்டேன், தவிக்கறீங்கன்னாலே அது ஜெபத்துக்குப் பக்கத்துல இருக்கு. ஆனா சாமுவேல் தீர்க்கதரிசி ஒன்னு சொல்றாரு, தன்னை ஒதுக்கிட்டு ராஜா வேணும்னு கேட்ட அதே ஜனங்களைப் பாத்து, உங்களுக்காக விண்ணப்பம் பண்ணாம விட்டா நான் கர்த்தருக்கு விரோதமா பாவம் செய்யறவன் ஆவேன்னு. அவர் பயந்தது தன் ஆவிக்குரிய நிலைமைக்காக இல்ல, அந்த ஜனங்க யாரும் நினைக்காம விடப்பட்டுடுவாங்களேன்னு. ஜெபத்தை மொத்தமா விட்டவங்களை நான் நெடுநாள் பாத்திருக்கேன் தம்பி, அவங்க கெட்டவங்க ஆகிடல, வேதம் நல்லாப் பேசுவாங்க, பண்டிகைக்கு வருவாங்க, ஆனா மெல்ல மெல்ல தேவன் ஒரு விவாதப் பொருள் ஆகிடுவாரு, பக்கத்து வீட்டுக்காரன் ஒரு தொந்தரவு ஆகிடுவான். சபைக்கும் இதேதான். ஜெபக்கூட்டத்துக்கு ஆள் குறையற சபையில கமிட்டித் தேர்தலுக்கு ஆள் கூடும், நம்ம மலையில எங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

நடைமுறைக்கு இதைப் பண்ணுங்க. டயாலிசிஸ்ல அம்மா நாலு மணி நேரம் படுத்திருப்பாங்கல்ல, அப்ப மொபைலை வச்சுட்டு பக்கத்துல உக்காந்து ஒரு சங்கீதம் மெதுவா வாசிங்க. முதல் நாள் 13, அடுத்த தடவை 42, அப்புறம் 130. அம்மாவுக்கு 121 மனப்பாடமா தெரிஞ்சிருக்கும், "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்"னு நீங்க ஆரம்பிச்சு விட்டா மிச்சத்தை அவங்களே சொல்லிடுவாங்க. பரமண்டல ஜெபம் சேர்ந்து சொல்லுங்க. சுகத்துக்காக கேக்கறதை விடாதீங்க, தைரியமா கேளுங்க, என் சித்தமல்ல உம்முடைய சித்தம்னு சொல்றதுக்கு முன்னாடி இயேசுவும் இந்தப் பாத்திரம் நீங்கணும்னு வெளிப்படையா கேட்டாரு. பக்கத்து பெட்ல இருக்கறவங்க பேரை கேட்டு வச்சுக்கங்க, அவங்களுக்காகவும் ஒரு வார்த்தை.

அம்மா பேரை மட்டும் எனக்கு அனுப்புங்க, ரிப்போர்ட் ஸ்கேன் எதுவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை பாட்டிகிட்ட சொல்லிடறேன், லைன்ல கடைசி வீட்டுக்கு அப்புறம், யானைக்கு முன்னாடி சேர்த்துக்குவாங்க.